மணி அடிக்காத வியாழன்

வௌவால்களை ஆராய்ந்தவள் என்பதால் எனக்கு வௌவால் என்றால் உயிர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. அது கடிக்கும், நாறும், கையில் எடுத்தால் மூத்திரம் பெய்யும். ஆனால் கும்மிருட்டில் ஒரு நூலைக்கூடத் தொடாமல் பறக்கும். எப்படிப் பறக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. மனிதர்களைப் பற்றி எனக்கு அப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை. அவர்கள் ஏன் முட்டிக்கொள்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரிகிறது.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். யுத்தம் முடியப்போகிற சமயத்தில் ஆராய்ச்சிக்கென்று இரண்டு வருஷம் விடுப்பு வாங்கிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தேன். கடற்கரைப் பக்கம், கத்தோலிக்கர்கள் குடியிருக்கும் தெருவில், காசிலிங்கம் அண்ணாச்சிக்கு ஒரு பழைய சங்குக் கிட்டங்கி இருந்தது. கிடங்கில் சரக்கு இல்லை. சங்கு அழுகிய நாற்றம் மட்டும் சுவரில் ஊறிப்போய்க் கிடந்தது. தகரக் கூரைக்குக் கீழே உத்தரம் முழுக்கச் சின்ன வௌவால்கள். அண்ணாச்சி புகை போட்டு அவற்றை விரட்டிவிட்டு நிலாவாரை இலை மூட்டை அடுக்க இருந்தார். விடுப்பு முடிகிறவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சாவியை வாங்கினேன். நாசரேத்துக்காரி, கலியாணம் ஆகாதவள், வௌவாலுக்காகக் கிட்டங்கி பிடிக்கிறாள் என்றதும் அவர் முகம் போன போக்கை நான் கண்டுகொள்ளவில்லை.

என் வேலை இதுதான். கிட்டங்கியின் நடுவில், உத்தரத்திலிருந்து, ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில் மெல்லிய வலை நூல்களைத் தொங்கவிடுவேன். ஒவ்வொரு நூலின் மேல்முனையும் ஒரு பொட்டு மெழுகில்தான் ஒட்டியிருக்கும். கீழ்முனையில் கரையில் பொறுக்கிய ஒரு பொடிச் சிப்பி. இறக்கை நுனி பட்டாலே மெழுகு விட்டு நூல் விழுந்துவிடும். சன்னல்களைச் சாக்கால் மூடி, வௌவால்களைக் கலைத்துப் பறக்கவிட்டு, எத்தனை நூல் விழுகிறது என்று பார்ப்பேன். ஒன்றும் விழாது. கண்ணை ஒட்டிவிட்டுப் பறக்கவிட்டாலும் விழாது. காதில் பஞ்சும் மெழுகும் வைத்தால் மட்டும், குடித்துவிட்டு வந்தவன் கதவைத் தேடுகிற மாதிரி எல்லாவற்றிலும் மோதும்.

ஆகவே காது. நம் காதுக்கு எட்டாத உச்சத்தில் அது ஒரு குரல் கொடுக்கிறது, அந்தக் குரல் நூலில் பட்டுத் திரும்புவதைக் கேட்டு விலகிப் போகிறது. இதுதான் என் கட்சி. காதுதான் என்று நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே ஓர் இத்தாலிப் பாதிரியார் சொல்லி, எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அமெரிக்காவில் யாரோ மெஷின் வைத்து அந்தக் குரலையே பிடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். யுத்தத்தில் பத்திரிகை எதுவும் எங்களுக்கு வந்து சேரவில்லை. என்னிடம் மெஷின் கிடையாது. நூல் இருந்தது, மெழுகு இருந்தது, வேண்டிய அளவு கோபமும் இருந்தது.

கோபத்துக்குக் காரணம் டாக்டர் கிருபாநிதி. மெட்ராஸில் பேராசிரியர். என் ஆராய்ச்சியைப் பரிசோதித்து முடிவு சொல்லவேண்டியவர். அவருக்கும் சொந்த ஊர் நாசரேத்துதான். அது இன்னும் மோசம். மெட்ராஸ்காரன் கேலி செய்தால் போகிறான் என்று விட்டுவிடலாம், ஊர்க்காரன் கேலி செய்தால் அம்மா காதுவரை போய்விடும். வௌவாலுக்கு இறக்கைத் தோலில்தான் உணர்ச்சி, காற்று அதில் அழுத்துவதை வைத்துத்தான் வழி அறிகிறது என்று வாலிபத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் எழுதவில்லை. அந்த ஒன்றை வைத்தே பேராசிரியர் ஆனார். என் முதல் அறிக்கையைப் படித்துவிட்டு, காதில் மெழுகை அடைத்தால் அந்தப் பிராணிக்கு வலிக்கும், பல்வலிக்காரனும்தான் கதவில் முட்டிக்கொள்வான், இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று பதில் எழுதினார். வௌவாலைத் தொடாமல் அதைச் செவிடாக்கிக் காட்டினால் ஒத்துக்கொள்வாராம்.

எனக்கு ஆத்திரம் வந்ததே அந்த ஆட்சேபணை நியாயமானது என்பதால்தான். தொடாமல் எப்படிச் செவிடாக்குவது? ஒரு வருஷம் யோசித்தும் வழி தெரியவில்லை. விடுப்பு முடிகிற சமயத்தில், தாமே நேரில் வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதாக எழுதினார். கல்லூரி முதல்வர் அம்மாள் அவருக்கு ஒரு வேலையும் கொடுத்திருந்தார்கள். திருப்தியில்லை என்றால் கிட்டங்கிச் சாவியை அவரே வாங்கி அண்ணாச்சியிடம் ஒப்படைத்துவிடவேண்டும். நான் திரும்பிப் போய்ச் சாகும்வரை தவளை அறுத்துக் காட்டவேண்டும். வௌவால்களுக்குப் புகை.

நாளைக் குறிக்கும் பொறுப்பு மட்டும் எனக்கு. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், பெரிய வியாழன் சாயங்காலம் என்று குறித்தேன். அதற்குக் காரணம் உண்டு. கிட்டங்கிக்கு அடுத்த மனை கத்தோலிக்கர்களின் கோயில். அங்கே மணி அடித்தால் என் தகரக் கூரை அதிரும், மெழுகு விட்டு நூல்கள் தாமாகவே விழும். ஆனால் பெரிய வியாழன் காலைப் பூசையோடு மணி நின்றுவிடும், சனிக்கிழமைவரை அடிக்கமாட்டார்கள் என்று பக்கத்து வீட்டு செல்லக்கனி சொல்லியிருந்தாள். நான் புராட்டஸ்டண்டுக் குடும்பத்தில் பிறந்தவள். எங்களுக்கு அந்த வழக்கமெல்லாம் கிடையாது. மணி இல்லை என்றால் அமைதி என்று நானாக எடுத்துக்கொண்டேன். மணிக்குப் பதிலாக அவர்கள் வேறொன்றை அடிப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் தோன்றவே இல்லை.

செல்லக்கனி சொல்லியிருப்பாள். கோயில்பிள்ளை சந்தியாகுவிடம் கேட்டிருந்தால் அவரும் சொல்லியிருப்பார். ஆனால் அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கோயிலைக் கூட்டி, விளக்கேற்றி, மணி அடிக்கிறவர் அவர். முந்தின ஆடியில் ஒருநாள் மத்தியானம், அவர் தூங்குகிற நேரம் பார்த்து, வௌவால் பிடிக்க நான் மணிக்கூண்டில் ஏறினேன். பிடித்துக்கொண்டு இறங்கும்போது கால் இடறிக் கயிற்றைப் பிடித்தேன். மணி அடித்துவிட்டது. அந்தத் தெருவில் நேரம்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் கடலில் தோணி கவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். பெண்களெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். கோயில் சாமியார் சந்தியாகுவைத் தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டினார். அதிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் காறித் துப்புவார். நானும் சும்மா இருக்கமாட்டேன், கதவைப் படாரென்று சாத்துவேன்.

டாக்டர் கிருபாநிதி வியாழக்கிழமை சாயங்காலம் வந்தார். கோட்டு, தொப்பி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. வந்ததும் நாற்றத்தைப் பற்றி இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னார். நான் நூல்களைக் காட்டினேன். ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்தார், என்னை நம்பவில்லை என்பதை மறைக்கவே இல்லை. பிறகு அரிக்கேன் விளக்கைச் சிவப்புத் துணியால் சுற்றி, நிழல் தெரிகிற அளவுக்கு மட்டும் வெளிச்சம் வைத்து, கழியால் உத்தரத்தைத் தட்டினேன். வௌவால்கள் இறங்கின. நூல்களுக்கு ஊடே வளைந்து வளைந்து போய் வந்தன. ஒரு சிப்பிகூட ஆடவில்லை. அவர் முகம் சுண்டியது, எனக்கு வயிறு குளிர்ந்தது.

அப்போது தெருவில் அந்தச் சத்தம் கிளம்பியது.

படபடபடவென்று, நூறு பேர் ஒரே சமயத்தில் தகரத்தில் ஆணி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அது நெருங்க நெருங்க என் வௌவால்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஒன்று நூலில் மோதியது, இன்னொன்று சுவரில் மோதியது. பொத்துப் பொத்தென்று சிப்பிகள் தரையில் விழுந்தன. சத்தம் எங்கள் சன்னலைத் தாண்டிப் போகும்போது பாதி நூல் கீழே கிடந்தது. ஒரு வௌவால் பேராசிரியரின் தொப்பியில் மோதி அவர் காலடியிலேயே விழுந்தது.

அவர் அதைக் குனிந்து பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். காதில் பஞ்சு இல்லை, கண்ணில் கட்டு இல்லை, சகல அவயவமும் நன்றாக இருக்கிற வௌவால் ஒவ்வொரு நூலிலும் மோதுகிறது, மிஸ் தேவகனி, உங்கள் கட்சி என்ன ஆயிற்று என்று கேட்டார். கையை நீட்டினார். சாவியைக் கேட்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. கொடுத்தேன். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

 அவரை அடிக்க முடியாது. வெளியே ஓடினேன். தெருமுனையில் சந்தியாகு, ஒரு முழப் பலகையின் இரண்டு பக்கமும் இரும்பு வளையம் தொங்க, அதைக் குலுக்கிக்கொண்டு போனார். வளையங்கள் பலகையில் அறைந்திருந்த ஆணிகளில் மோதித்தான் அந்தச் சத்தம். ஓடிப்போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். உம்ம கட்டையை வேறு தெருவில் போய் அடியும், என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டீரே என்று கத்தினேன். வாசல்களில் தலைகள் முளைத்தன. அவர் பலகையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"ஏளா பதிதச்சி, பெரிய வியாழக்கெழம கோயில் கட்டையத் தொடுதியா? மணி மௌனமா இருக்கதால கட்டைய அடிச்சி ஜெபத்துக்கு ஆளக் கூப்புடுதேன். ஒனக்கென்ன? மூணு வாட்டி கூப்புடணும். இன்னும் ரெண்டு வாட்டி வருவேன். ஒஞ் சன்னல்லயே நின்னு அடிப்பேன், என்ன செய்யுதன்னு பாக்கேன்."

புராட்டஸ்டண்டுக்காரியைப் பதிதச்சி என்று ஏசிவிட்டு வழக்கம்போலத் துப்பினார். நானும் துப்பினேன். வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்தபோது பேராசிரியர் கிளம்பிக்கொண்டிருந்தார். வண்டிக்காரனைக் கூப்பிடச் சொன்னார். நான் கூப்பிடவில்லை. ஏணியில் ஏறி விழுந்த நூல்களைத் திரும்ப ஒட்ட ஆரம்பித்தேன்.  கை சும்மா இருந்தால் அவர் தொண்டையைப் பிடித்திருக்கும். ஏணியில் நின்றபடியே மனத்தில் இருந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். தோல் தோல் என்று ஒரே கட்டுரையை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியவர், ஒரு வௌவாலையாவது கையில் பிடித்துப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். அவருடைய இங்கிலீஷ் அத்தோடு போயிற்று.

"ஏளா, யாரப் பாத்துப் பேசுத? நான் அந்தக் கட்டுரை எழுதுதப்ப நீ பால்பல்லு விழுந்து நின்னவ. வவ்வாலு புடிக்க வந்துட்டா பெருசா."

கிட்டங்கி இரண்டுபடக் கத்தினார். நான் அதற்கு மேலே கத்தினேன். அவர் என் அப்பாவை இழுத்தார், நான் அவருடைய மாமனாரின் சிபாரிசை இழுத்தேன். வெளியே செல்லக்கனி கதவைத் தட்டி என்ன ஏதென்று கேட்டாள், இரண்டு பேரும் சேர்ந்து அவளைப் போகச் சொன்னோம். தலைக்கு மேலே வௌவால்கள் பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தன. கடைசி நூலை ஒட்டிவிட்டு, இன்னொரு வசவுக்காக வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

எல்லா நூல்களும் தொங்கிக்கொண்டிருந்தன. ஒட்ட ஆரம்பித்ததிலிருந்து ஒன்றுகூட விழவில்லை. நாங்கள் போட்ட கூச்சல் கட்டைச் சத்தத்துக்குக் குறைந்ததில்லை, அண்ணாச்சி வீடுவரை கேட்டிருக்கும். வௌவால்களுக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை.

ஏணியிலிருந்து இறங்கினேன். 

"சார், நம்ம ரெண்டு பேரும் இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தினோம். ஒரு நூலாவது விழுந்திச்சா?"

அவர் மேலே பார்த்தார். விளக்கை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு நூலாகப் பார்த்தார். தரையையும் பார்த்தார்.

நான் படபடவென்று சொல்லிக்கொண்டே போனேன். மனிதக் குரல் தாழ்ந்த குரல். வௌவாலின் உச்சக் குரலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஆகவே அது வௌவாலைத் தொந்தரவு செய்யாது. இரும்பு ஆணியில் மோதும் சத்தம் அப்படியில்லை, நம் காதுக்கு எட்டாத உச்சமும் அதில் கலந்திருக்கிறது. வௌவாலின் சொந்தக் குரல் அதில் மூழ்கிப்போகிறது. கேட்க முடியாமல் மோதுகிறது. சத்தத்துக்குப் பயந்து மோதியதென்றால் நம் கூச்சலுக்கும் மோதியிருக்கவேண்டும். தொடாமல் செவிடாக்கு என்றீர்களே, அந்தத் துப்புக்கெட்ட கோயில்பிள்ளை அதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டாம் தடவை வருவார். அவர் வருகிறவரை ஒரு நூல் விழாது. வந்தால் விழும். போனால் நிற்கும். இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு மாற்றிப் பேசமாட்டேன்.

 பேராசிரியர் தொப்பியைக் கழற்றி வைத்தார்.

காத்திருந்தோம். நூல்கள் அசையவில்லை. சந்தியாகு சொன்ன சொல் தவறாதவர் என்று எனக்குத் தெரியும். தெருமுனையில் கட்டைச் சத்தம் எழுந்ததும் நான் ஒரு சன்னலில் சாக்கை விலக்கி இடைவெளி விட்டேன். சந்தியாகு நேராக அங்கேதான் வந்தார். வந்து நின்று அடித்தார். வௌவால்கள் தடுமாறின, இரண்டு மூன்று நூல் விழுந்தது. எனக்கு அது போதவில்லை. இடைவெளியில் முகத்தை வைத்து, "அவ்வளவுதானா ஓய் ஒம்ம பலம்?" என்று கேட்டேன்.

அந்த மனிதருக்கு வந்த ஆவேசத்தை நான் மறக்கவே மாட்டேன். பலகையைச் சன்னல் கம்பியோடு வைத்துக் குலுக்கினார். மணிக்கூண்டு, கயிறு, சாமியார் திட்டியது எல்லாம் அதில் இருந்தது. சிப்பிகள் மழை மாதிரி கொட்டின. வௌவால்கள் நூலில், சுவரில், பேராசிரியரின் தோளில், ஒன்றோடொன்று மோதின. கை ஓய்ந்து அவர் போனதும் அமைதி. மிச்சம் இருந்த நூல்களைச் சுற்றி வளைந்து வளைந்து, ஒன்றையும் தொடாமல், அவை மறுபடி பறக்க ஆரம்பித்தன.

 பேராசிரியர் விழுந்த நூல்களைத் தாமே பொறுக்கினார். கோட்டைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார். நான் கீழே நின்று ஒவ்வொன்றாக நீட்ட, அவரே மெழுகில் ஒட்டினார். மூன்றாம் தடவை எப்போது வருவார் என்று மட்டும் கேட்டார். சந்தியாகு வந்து அடித்தபோது விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நூல்களுக்கு நடுவிலேயே போய் நின்றார். எல்லாம் முடிந்து தெருப் பெண்கள் முக்காட்டோடு கோயிலுக்குப் போகும் காலடிச் சத்தம் கேட்டது. தலைமயிரில் மெழுகும் நூலுமாக அவர் ஏணிப்படியில் உட்கார்ந்தார்.

"முப்பது வருஷம். தோலு தோலுன்னு முப்பது வருஷமா பிள்ளையளுக்குப் பாடம் சொல்லியிருக்கேன்."

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. எனக்கு இரக்கம் வந்தது, அந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்து ஏணிப்படியில் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமலே வெளியே போய் வண்டிக்காரனைக் கூப்பிட்டார்.

அவருடைய அறிக்கையில் என் முடிவை ஒரு எழுத்து மாற்றாமல் ஒத்துக்கொண்டிருந்தார். தம்முடைய கட்டுரை தவறு என்பதையும் எழுதியிருந்தார். கடைசி வரியில், இந்த அம்மாளோடு ஒரே அறையில் இருப்பது எந்த மனிதனாலும் ஆகாது என்றும் சேர்த்திருந்தார். அந்த ஒரு வரியைக் கல்லூரியில் எல்லோரும் படித்தார்கள். விடுப்பை நீட்டிக் கொடுத்தார்கள், திரும்பி வா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அதற்குப் பின் இருபத்தைந்து வருஷம் நான் வௌவால்களோடு ஓட்டினேன்.

நடந்ததைச் செல்லக்கனி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். சந்தியாகு காதுக்கும் போயிற்று. தம்முடைய கை வலித்ததெல்லாம் எனக்குப் பலித்ததை அவரால் தாங்க முடியவில்லை. மறு வருஷம் பெரிய வியாழன் அன்று நூல்களை ஒட்டிவிட்டுக் காத்திருந்தேன். அவர் வந்தார். எங்கள் தெருமுனையில் நின்றார். வளையம் ஆடாமல் துண்டைச் சுற்றி, கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு சத்தமில்லாமல் என் சன்னலைத் தாண்டிப் போனார். போகும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

அவர் ஒன்றை மறந்துவிட்டார். ஒரு வருஷமாக நான் சும்மா இருக்கவில்லை. ஆசாரியிடம் சொல்லி அதேமாதிரி ஒரு கட்டை செய்து வைத்திருந்தேன். கூப்பிடச் சத்தமில்லாமல் தெருப் பெண்கள் அடுப்படியிலேயே இருந்தார்கள். நான் வாசலுக்கு வந்து நின்று, கை வலிக்கிறவரை என் கட்டையை அடித்தேன். கதவுகள் திறந்தன. முக்காட்டைப் போட்டுக்கொண்டு அவர்கள் வரிசையாக இறங்கிக் கோயிலுக்குப் போனார்கள். கோயில் வாசலில் சந்தியாகு நின்று என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவைக்கு அவர் கட்டையில் சுற்றிய துண்டை அவிழ்த்துவிட்டுத்தான் வந்தார்.